மூளைக்குள் மின்சாரம்! இருட்டில் ஒளிப் புள்ளிகள்!

சேலம் மாவட்டத்தில் உள்ள ஜலகண்டாபுரம் நெசவாளர்கள் வாழும் ஊர். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிபோட வேண்டுமானால் கண் நன்றாகத் தெரிய வேண்டும். கண் மங்கினால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பும் அணையும்.

அப்படிப்பட்ட ஊரில், "மூளைக்குள் கருவி வைத்தால் போன பார்வை திரும்புமாம்!" என்று ஒருவர் சொன்னால், யாருக்குத்தான் ஆசை வராது?

சேதி பொய் அல்ல. ஆனால், அதை முழுவதும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பார்ப்பது எது?

கண் மட்டும் பார்ப்பதில்லை. கண்ணில் விழும் ஒளி, மின் சைகையாக மாறி, பார்வை நரம்பு வழியாக மூளையின் பின்பகுதிக்குப் போகிறது. "இவள் அம்மா, அது பசு" என்று புரிந்துகொள்வது மூளைதான். நரம்பு கெட்டுவிட்டால், சேதி போகும் வழி அடைபட்டுவிடும்.

வழி அடைபட்டால் என்ன? மூளையையே மின்சாரத்தால் நேராகத் தொட்டால்?

இங்கிலாந்து விஞ்ஞானி பிரிண்ட்லி இப்படித்தான் நினைத்தார். கண் தெரியாத 52 வயது அம்மையார் ஒருவரின் மூளையில், பார்வைக்கு உரிய இடத்தில், 80 மின் முனைகள் வைக்கப்பட்டன. மின்சாரம் பட்டதும், அந்த அம்மையாருக்கு இருட்டில் ஒளிப் புள்ளிகள் தோன்றின! 1968-ம் ஆண்டு இதைக் கேட்டு விஞ்ஞான உலகம் வியந்தது.

பிறகு ஸ்பெயின் நாட்டில், டாக்டர் எடுவார்டோ பெர்னாண்டஸ் குழுவினர் இன்னொரு படி ஏறினார்கள். 16 ஆண்டுகளாகப் பார்வை இழந்திருந்த 57 வயதுப் பெண்ணின் மூளையில் 96 நுண்ணிய முனைகளைப் பொருத்தினார்கள். அவர் சில எழுத்துகளையும், பொருள்களின் ஓரங்களையும் அடையாளம் கண்டார். 6 மாதம் கழித்துக் கருவியை எடுத்துவிட்டார்கள். இந்த ஆராய்ச்சி 2021-ல் வெளிவந்தது.

புள்ளி போதுமா?

நெசவாளருக்கு இது எளிதில் புரியும். கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாகக் குறித்த பிறகுதான் சேலையில் பூ விழுகிறது. புள்ளி குறைந்தால், மயில் மயிலாக இருக்காது. மூளைக் கருவியும் அப்படித்தான். 96 புள்ளிகளில் எழுத்து தெரியலாம். பேரனின் சிரிப்பு தெரியாது!

இது இன்னும் சோதனைதான். கடையில் வாங்கும் மருந்து அல்ல.

கையருகே உள்ள வைத்தியம்

வயதானவர்கள் பலருக்குப் பார்வை மங்கக் காரணம் கண்புரை. அதற்கு மூளைக்குள் கருவி தேவை இல்லை. சிறிய ஆபரேஷன் போதும். புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் லென்ஸ் வைப்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இதை இலவசமாகவே செய்கிறார்கள்.

டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். ஏழைகளுக்கும் பார்வை கிடைக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். இன்று அந்த ஆஸ்பத்திரி சேலத்திலும் இருக்கிறது.

கண் நீர் அழுத்த நோய் வேறு வகை. அது திருடனைப் போல வரும். பெரும்பாலும் வலி இராது. ஓரப் பார்வையை முதலில் கொள்ளையடிக்கும். போன பார்வை திரும்பாது. ஆனால், முன்பே கண்டுபிடித்தால், தினமும் விடும் சொட்டு மருந்தே பலருக்கு மிச்சப் பார்வையைக் காப்பாற்றிவிடும். சர்க்கரை நோயும் விழித்திரையைக் கெடுக்கும். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது கண்ணைக் காட்ட வேண்டும்.

40 வயது ஆகிவிட்டதா? "கண் நன்றாகத்தானே தெரிகிறது" என்று இருந்துவிடாதீர்கள். ஒரு முறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெற்றோருக்கோ, உடன்பிறந்தவர்களுக்கோ கண் அழுத்த நோய் இருந்தால், இன்னும் முன்பே போங்கள்.

"வயதானால் அப்படித்தான்" என்று பாட்டியைத் திண்ணையில் உட்கார வைக்காதீர்கள். கண்ணில் சாறு பிழிந்து விடாதீர்கள். சேலத்துக்குப் பஸ் ஏற்றுங்கள்!

மூளைக் கருவி ஒரு நாள் நல்லபடியாக வரட்டும். நரம்பு கெட்டவர்களுக்கு அது விடிவெள்ளி ஆகட்டும். ஆனால், நேற்று கெட்ட கண்ணுக்கு நாளை வரப்போகும் கருவியை எண்ணி, இன்று இருக்கும் கண்ணைக் கோட்டை விடலாமா?