முட்டி ஆப்ரேஷன் பத்தி அன்னதான வரிசையில் தீர்ப்பு சொல்றவங்களுக்கு

நீளமான பதிவு, கொஞ்சம் கோபமான பதிவும்கூட. பொறுத்துக்கிட்டு படிங்க.

போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். நம்ம கோயிலுக்கு இருபது வருஷமா பூ கட்டித் தர்ற ஒரு அக்கா, பேர் வேண்டாம், அடுத்த மாசம் பெரியாஸ்பத்திரியில முட்டி மாத்துற ஆப்ரேஷனுக்கு தேதி கிடைச்சிருக்குன்னு சொன்னாங்க. ஒரு வருஷத்துக்கு மேல காத்திருந்து கிடைச்ச தேதி. உடனே ஒருத்தர், "எங்க மாமா பண்ணாரு, அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல." இன்னொருத்தர், "காலை வெட்டி இரும்பு வெச்சிருவாங்க, ஏர்போர்ட்ல பிடிப்பாங்க." மூணாவது ஆள் தைலம் விக்கிறவர் நம்பரை வாட்ஸ்அப்ல அனுப்பியே விட்டார். நாங்க கை துடைக்கிறதுக்குள்ள அந்த அக்கா "அப்போ கேன்சல் பண்ணிடலாமா தம்பி?"ன்னு என்னைக் கேக்குறாங்க.

மூணு பேரும் நல்லவங்க, நல்ல எண்ணத்துலதான் சொன்னாங்க. தெரியும். ஆனா உங்க நல்ல எண்ணத்துக்கு விலை யார் குடுக்குறது?

எங்க அம்மா குடுத்தாங்க. தோட்டத்துல முப்பது வருஷம் பால் மரம் சீவின உடம்பு. 64 வயசுல டாக்டர் ஆப்ரேஷன் பண்ணிக்கலாம்னு சொன்னார். இதே மாதிரி ஒரு கோயில் வாசல்ல, இதே மாதிரி ஒரு பெரியவர், "சாகுற வரைக்கும் படுக்கைதான்"னு சொல்லிட்டார். அம்மா பயந்தாங்க. நானும் பக்கத்துல நின்னு தலையாட்டினேன், அதையும் மறைக்க விரும்பல. ஏழு வருஷம் தள்ளிப் போட்டோம். அதுக்குள்ள கால் வில்லு மாதிரி வளைஞ்சு, தொடைச் சதை வத்திப் போச்சு. கடைசியில 71 வயசுல பண்ணோம். வலி போயிடுச்சு, உண்மை. ஆனா முட்டி முழுசா மடங்கவும் இல்ல, முழுசா நீளவும் இல்ல. ஆப்ரேஷனுக்கு முன்னாடி எவ்வளவு மடங்குச்சோ, பெரும்பாலும் அதை ஒட்டித்தான் பின்னாடியும் மடங்கும்னு அப்புறம்தான் டாக்டர் விளக்கினார். இன்னைக்கும் நம்ம கோயில் ஆறு படிக்கட்டு ஏற முடியாம, கார்ல உட்கார்ந்து மணிச் சத்தம் கேட்டுட்டுப் போறாங்க.

நான் டாக்டர் இல்ல. ஃபேக்டரியில மெஷின் பார்க்குற ஆள். ஆனா தேய்மானம்னா என்னன்னு தெரியும். புஷ் தேய்ஞ்சா புஷ்ஷை மாத்தணும். சத்தம் வந்த பிறகும் கிரீஸ் தடவி ஓட்டிக்கிட்டே இருந்தா ஷாஃப்ட்டும் சேர்ந்து போயிடும். அப்புறம் புது புஷ் போட்டாலும் மெஷின் பழையபடி ஓடாது. அம்மா கால்ல நடந்தது அதுதான்.

"காலை வெட்டுறாங்க"ன்னு சொல்றவங்களுக்காக, என்ன செய்றாங்கன்னு சொல்லிடுறேன். தொடை எலும்போட நுனி, கீழ் எலும்போட தலை, இந்த ரெண்டு இடத்துலயும் தேஞ்ச பரப்பை சில மில்லிமீட்டர் மட்டும் சீவி எடுக்குறாங்க. அதுக்கு மேல உலோக மூடி, கீழ ஒரு உலோகத் தட்டு, நடுவுல கெட்டியான பிளாஸ்டிக். பக்கத்து நார், தசை, காலு எல்லாம் நம்மோடதுதான். பெரும்பாலும் ஒன்றிலிருந்து ரெண்டு மணி நேர வேலை. முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப் போக வெச்சே நிறைய பேருக்குப் பண்றாங்க. படுக்கையில போடுறதுக்குப் பதிலா, அன்னைக்கோ மறுநாளோ வாக்கரைக் குடுத்து நிக்க வெச்சிடுவாங்க. ஏர்போர்ட்ல மெஷின் கத்தினா, முட்டியில இம்ப்ளாண்ட் இருக்குன்னு சொன்னா போதும்.

எத்தனை நாள் உழைக்கும்? 2019-ல் லான்செட் மருத்துவ இதழ்ல வந்த கணக்கு, ஆஸ்திரேலியா, பின்லாந்து பதிவேடுகளை வெச்சுப் போட்டது: முழு முட்டி மாத்தினதுல 100-க்கு சுமார் 82, 25 வருஷம் தாண்டியும் நிக்குது. "அஞ்சு வருஷத்துல திரும்ப வெட்டணும்"னு சொல்ற அண்ணன், நீங்க எந்தப் பதிவேடு பார்த்தீங்க?

ஆபத்தே இல்லன்னு நான் சொல்லல. நூத்துல ஒருத்தர் கணக்குல கிருமி பிடிக்கலாம், ரத்தம் கட்டலாம். அஞ்சு பேர்ல ஒருத்தர் வரைக்கும் முழு திருப்தி இல்லன்னு சொல்றாங்க. பயிற்சி செய்யாம படுத்துக்கிட்டா முட்டி இறுகிப் போகும். முதல் ஆறு வாரம் வலியோட மடக்கிப் பழகணும், அங்கதான் நிறைய பேர் விட்டுடுறாங்க. மூணு மாசத்துல ஓரளவு, முழுசா தேற ஒரு வருஷம்கூட ஆகும். சக்கரை இருந்தா பண்ணவே முடியாதுங்கிறது பொய். அதைக் கட்டுக்குள்ள கொண்டு வந்தாதான் பண்ணுவாங்க. எல்லாருக்கும் ஆப்ரேஷன் தேவையும் இல்ல. எடை குறைச்சு, தொடைத் தசைக்குப் பயிற்சி செஞ்சே நல்லா இருக்கிறவங்க நிறைய. உடம்புல ஒரு கிலோ குறைஞ்சா, ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழுற பாரம் நாலு கிலோ குறையும். ஆனா அதை முடிவு பண்றது எக்ஸ்ரே பார்த்த டாக்டரும் வலிக்கிற ஆளும்தான். ரசம் ஊத்துற நாம இல்ல.

அப்புறம் இந்தப் பொடி விவகாரம். பசார் மாலாம்ல, சில சமயம் திருவிழாக் கடையிலயே, லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடி விக்குது. சாப்பிட்ட ரெண்டே நாள்ல வலி பறந்துடும். மூலிகை அவ்வளவு வேகமா வேலை செய்யாதுங்க. இந்த மாதிரி சரக்குல டெக்ஸாமெத்தசோன்னு ஸ்டீராய்டு கலந்திருக்குன்னு நம்ம சுகாதார அமைச்சு பல தடவை எச்சரிச்சிருக்கு. மாசக்கணக்குல தின்னா முகம் உப்பும், சக்கரை ஏறும், எலும்பு மெலியும். கடைசியில ஆப்ரேஷனுக்கே உடம்பு தாங்காம போகும். டப்பாவுல மால்னு ஆரம்பிக்கிற பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லன்னா வாயில வைக்காதீங்க. கோயில் குரூப்ல விளம்பரமும் போடாதீங்க. போட்டா நான் அழிப்பேன், இப்பவே சொல்லிட்டேன்.

"முருகன் மேல பாரத்தைப் போடு"ன்னு சொல்றீங்க. போடுங்க, நானும் போடுறவன்தான், 19 வருஷம் பத்துமலை 272 படி காவடியோட ஏறினவன். ஆனா முருகன் மேல பாரம் போடுறேன்னு சொல்லிட்டு, எல்லாத்தையும் அந்த அம்மாவோட முட்டி மேலதானே போடுறீங்க?

காசைப் பத்தி ஒரு வார்த்தை. அரசாங்க ஆஸ்பத்திரியில ஆப்ரேஷன் செலவு குறைச்சல்தான். ஆனா இம்ப்ளாண்ட்டுக்குத் தனியா கட்டச் சொல்லலாம். கட்ட முடியலன்னா தேதியை விட்டுடாதீங்க. அதே ஆஸ்பத்திரியில கெர்ஜா சோசியல் பெருபாத்தான்னு ஒரு பிரிவு இருக்கு, அங்க போய் நிலைமையைச் சொல்லுங்க. ஃபாரம் நிரப்பத் தெரியலன்னா எனக்குச் சொல்லுங்க.

இப்போ நாற்காலி. ஆப்ரேஷன் முடிஞ்சு வந்த ஒருத்தரை, சன்னதி முன்னால காலை நீட்டி உட்காரக் கூடாதுன்னு எல்லார் முன்னாலயும் எழுப்பி விட்டிருக்காங்க. அவங்க ஆணவத்துலயா நீட்டினாங்க? மாத்தின முட்டியில சம்மணம் போட்டுத் தரையில உட்கார்றது பலருக்கும் முடியாத காரியம், மண்டி போட்டாலும் உறுத்தும். தாழ்வான ஸ்டூல் குடுத்தா எழுந்திரிக்க முடியாது. கை வெச்ச, உயரமான நாற்காலிதான் வேணும். குருக்கள்கிட்ட நேரா கேட்டேன். "நிக்க முடியாதவங்க தாராளமா உட்காரட்டும்"னுதான் சொன்னார். ஆட்சேபம் அவருக்கு இல்ல, நமக்குத்தான். கமிட்டிகிட்ட ரெண்டு விஷயம் கேட்டிருக்கேன்: மண்டபத்துல பத்து நாற்காலி, ஆறு படிக்கட்டுக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி. கைப்பிடி வெல்டிங் வேலையை நானே செஞ்சு தர்றேன், இரும்பு மட்டும் வாங்கிக் குடுங்க. கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்ஜெட்ல இது ஒரு மூலைக்குக் காணாது.

பூ கட்டுற அக்கா தேதியை இன்னும் கேன்சல் பண்ணல. புதன்கிழமை நான் லீவு எடுத்து அவங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், மனசுல உள்ள பயத்தையெல்லாம் அங்கேயே கேக்கட்டும். அன்னைக்குப் பேசின மூணு பேருக்கும் கார்ல இடம் இருக்கு. அம்மாவோட வாக்கர் வீட்டுல சும்மா நிக்குது, அதை அக்காவுக்கு எடுத்து வெச்சிருக்கேன். வேற யார்கிட்டயாவது கமோட் நாற்காலி சும்மா இருந்தா, வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது கொண்டு வாங்க.