காப்பீட்டு அட்டை யாருக்கு, எதுவரை? மருத்துவக் காப்பீட்டு விரிவாக்க விவாதமும் கடலூர் மாவட்ட நோயாளிகளும்

அரசு மருத்துவக் காப்பீட்டை இன்னும் எத்தனை குடும்பங்களுக்கு விரிவுபடுத்த வேண்டும், அதற்கான செலவை யார் ஏற்க வேண்டும் என்பது குறித்துச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் தேர்தல் மேடைகளிலும் தொடர்ந்து விவாதம் நடைபெறுகிறது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உறவினரை அனுமதித்துவிட்டுக் காப்பீட்டு உதவி மையத்தின் முன் காத்திருக்கும் உங்களுக்கு, அது தொலைவில் நடக்கும் வாக்குவாதமாகத் தோன்றலாம். ஆயினும், உங்கள் வருமானச் சான்றிதழில் உள்ள தொகை ஏற்கப்படுமா, புதுச்சேரியில் உங்கள் அட்டை செல்லுமா, வீட்டிலுள்ள முதியவருக்குத் தனிக் காப்பீடு உண்டா என்பவை அனைத்தும் அவ்விவாதத்தின் விளைவுகளே.

திட்டம் வளர்ந்த விதம்

தமிழ்நாட்டில் உயிர் காக்கும் உயர் சிகிச்சைகளுக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009 ஜூலை 23 அன்று தொடங்கப்பட்டது. அப்போது மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராக இருந்தவர் இம்மாவட்டத்தின் குறிஞ்சிப்பாடி தொகுதியைச் சேர்ந்த எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம். ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் நிறுவனம் திட்டத்தை நடத்தியது. 2011-இல் ஆட்சி மாறியது. 2012 ஜனவரி 11 அன்று முதலமைச்சர் ஜெயலலிதாவின் அரசு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை யுனைடெட் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்தின் வழியாகத் தொடங்கியது. அரசுப் பணம் தனியார் நிறுவனத்துக்குச் செல்வதா என்பது அன்றைய ஆளுங்கட்சியின் கேள்வி; நாங்கள் தொடங்கியதைத்தானே பெயர் மாற்றி நடத்துகிறீர்கள் என்பது முந்தைய ஆளுங்கட்சியின் பதில்.

பெயரும் அட்டையும் மாறின. பணம் செலுத்தாமல் சிகிச்சை பெறும் முறை மாறவில்லை. தமிழ்நாட்டில் அதன் பின்னர் ஆட்சிக்கு வந்த எவரும் காப்பீட்டைக் கைவிடவுமில்லை. ஆகவே, காப்பீடு வேண்டுமா வேண்டாமா என்பதில் இங்கு சண்டை இல்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். எவ்வளவு, யாருக்கு, யார் செலவில் என்பவற்றில்தான் கருத்து வேறுபாடு.

2018 செப்டம்பரில் ஒன்றிய அரசு பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தைத் (ஆயுஷ்மான் பாரத்) தொடங்கியபோது, தமிழ்நாடு தன் திட்டத்தை அதனுடன் ஒருங்கிணைத்தது. காப்பீட்டு வரம்பு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. 2022 ஜனவரி 11 முதல் ஐந்தாண்டுகளுக்குச் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின்படி, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியம். மொத்தத்தில் ஏறத்தாழ 1,248 கோடி ரூபாய். இத்தொகையை அரசு செலுத்துகிறது. நீங்கள் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அட்டை பெற்றுத் தருவதாகவோ புதுப்பித்துத் தருவதாகவோ எவரேனும் உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வருமான வரம்பு

விவாதத்தின் கூர்மையான பகுதி இதுவே. 2009-இல் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாய். பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, கூலியும் விலைவாசியும் உயர்ந்துகொண்டிருந்த காலம் முழுவதும், அத்தொகை அசையவில்லை. ஒரு குடும்பம் உண்மையில் முன்னேறாமலேயே, கூலியின் எண்ணிக்கை கூடியதனால் மட்டும் தகுதியை இழக்கும் நிலை இருந்தது. 2022 ஒப்பந்தத்தை ஒட்டி வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

அதாவது மாதத்துக்கு 10,000 ரூபாய். நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலி பெறும் ஒருவர் மாதத்தில் 25 நாட்கள் வேலை செய்தாலே அவ்வளவு ஆகிவிடும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீடு இவ்வரம்பைத் தாண்டுவது எளிது. சிதம்பரத்தில் மாதம் 14,000 ரூபாய்க்குக் கடையில் கணக்கு எழுதும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் வறியவர் என்ற பட்டியலில் இல்லை. அவருடைய கடையில் தொழிலாளர் எண்ணிக்கை குறைவாக இருந்தால், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கான ஈ.எஸ்.ஐ. பாதுகாப்பும் அவருக்குக் கிடைப்பதில்லை. தனியார் காப்பீடு எடுக்கும் அளவுக்குக் கையிருப்பும் இல்லை. நிதி ஆயோக் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை இத்தகையோரை ‘விடுபட்ட நடுப்பகுதி’ என்று குறிப்பிட்டு, நாட்டு மக்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் எவ்வகை மருத்துவக் காப்பீடும் இன்றி இருப்பதாகக் கணித்தது.

வரம்பை மேலும் உயர்த்த வேண்டும் என்போர், ஒரு மாரடைப்போ ஒரு சாலை விபத்தோ இக்குடும்பங்களை ஒரே மாதத்தில் கடனாளியாக்கிவிடும் என்கின்றனர். அது மறுக்க முடியாதது. தயங்குவோர் கூறுவதும் பொருளற்றதன்று: நிதி அதே அளவில் இருக்கப் பயனாளிகளை மட்டும் பெருக்கினால், மருத்துவமனைகளுக்குத் தரும் சிகிச்சைத் தொகை போதாமல் போகும் அல்லது தாமதமாகும், தனியார் மருத்துவமனைகள் பின்வாங்கும். 2025 ஆகஸ்டில் ஹரியானாவில் இந்திய மருத்துவச் சங்கத்தின் மாநிலக் கிளை, நிலுவைத் தொகையைக் காரணம் காட்டி ஆயுஷ்மான் சிகிச்சைகளை நிறுத்துவதாக அறிவித்ததை அவர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். அட்டை கையில் இருந்தும் கதவு மூடியிருந்தால் என்ன பயன் என்ற கேள்விக்கு, வரம்பை உயர்த்தக் கோருவோர் நிதி ஒதுக்கீட்டையும் சேர்த்தே பதில் கூற வேண்டியிருக்கிறது.

தனியார் காப்பீடு எடுப்போருக்கு ஒரு சலுகை கிடைத்துள்ளது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின் மீதான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. வரி நீங்கிய பயன் மக்களைச் சேருமா, நிறுவனங்களிடமே தங்குமா என்ற ஐயத்தைச் சில மாநிலங்கள் எழுப்பின. புதுப்பிக்கும்போது சென்ற ஆண்டின் அடிப்படைத் தொகையையும் இவ்வாண்டின் தொகையையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒன்றிய அரசும் மாநில அரசும்

ஆயுஷ்மான் பாரத் திட்டம், 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு தொடங்கப்பட்டது. அதன்படி தமிழ்நாட்டில் தொடக்கத்தில் ஏறத்தாழ 77 லட்சம் குடும்பங்களே தகுதி பெற்றன. மாநிலத் திட்டத்திலோ அதைவிட மிக அதிகமான குடும்பங்கள் உள்ளன. பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கான செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் பகிர்கின்றன. எஞ்சிய குடும்பங்களின் முழுச் செலவும் மாநிலத்துடையது. பெரும்பகுதிச் செலவை ஏற்கும் மாநிலத்தின் பெயர் பின்னுக்குத் தள்ளப்படுவதா என்று மாநிலங்கள் கேட்கின்றன. நாடு முழுவதும் செல்லுபடியாகும் ஒரே ஏற்பாடு நோயாளிக்கு நல்லது என்று ஒன்றிய அரசு கூறுகிறது. இப்பூசலினால் மேற்கு வங்கம் 2019 ஜனவரியில் திட்டத்திலிருந்தே விலகியது. டெல்லி 2025 ஏப்ரலில்தான் இணைந்தது. தமிழ்நாடு விலகவும் இல்லை, தன் திட்டத்தைக் கரைத்துவிடவும் இல்லை.

இவ்வேறுபாடு மற்ற மாவட்டங்களைவிடக் கடலூருக்கு நெருக்கமானது. கடலூரிலிருந்து வடக்கே சிறிது தூரத்தில் புதுச்சேரி எல்லை. ஜிப்மரையும் அங்குள்ள மற்ற மருத்துவமனைகளையும் இம்மாவட்ட மக்கள் நீண்டகாலமாக நாடி வருகின்றனர். ஆயுஷ்மான் பட்டியலில் உள்ள குடும்பம் பிற மாநிலங்களிலும் இணைக்கப்பட்ட மருத்துவமனைகளில் சிகிச்சை பெறலாம். மாநிலத் திட்டத்தில் மட்டும் உள்ள குடும்பத்துக்கு அவ்வுரிமை தானாகக் கிடைப்பதில்லை. மருத்துவமனை நம் மாநிலத் திட்டத்தில் இணைந்துள்ளதா என்பதைப் பொறுத்தது. ஒரே தெருவில் வசிக்கும் இரு குடும்பங்களின் நிலை இதனால் வேறுபடலாம். அவசர நிலை அல்லாத சிகிச்சைக்காக எல்லை தாண்டுவதற்கு முன், உங்கள் குடும்பம் எந்தப் பட்டியலில் உள்ளது என்பதைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

70 வயது நிறைந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பீட்டை 2024 அக்டோபர் 29 அன்று ஒன்றிய அரசு தொடங்கியது. மாநிலப் பங்கு இதிலும் 40 விழுக்காடு என்பதால், தங்களுக்கெனத் திட்டம் வைத்துள்ள மாநிலங்களுடன் மீண்டும் அதே விவாதம் எழுந்தது. உங்கள் வீட்டில் இவ்வயதினர் இருப்பின் 14555 என்ற கட்டணமில்லா எண்ணில் விசாரித்து, நீங்கள் செல்லவிருக்கும் மருத்துவமனை அவ்வட்டையை ஏற்கிறதா என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

காப்பீடா, மருத்துவமனையா?

பணத்தைக் காப்பீட்டுக்குச் செலவிடுவதா, அரசு மருத்துவமனைகளை வலுப்படுத்தச் செலவிடுவதா என்பது பழைய கேள்வி. சிதம்பரம் அதற்கு ஒரு தனித்த சான்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2013-இல் பல்கலைக்கழகம் அரசு நிர்வாகத்தின் கீழ் வந்த பின்னும், மற்ற அரசுக் கல்லூரிகளைப் போலன்றி மிகுந்த கட்டணம் பெற்றுவந்தது. எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக் கட்டணம் 5 லட்சம் ரூபாயைக் கடந்திருந்தது. 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டம் தொடங்கினர். 2021 ஜனவரி இறுதியில் கல்லூரியும் மருத்துவமனையும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டன. மாணவர் கட்டணத்துக்காக எழுந்த குரல், நெடுங்காலமாக அரசு மருத்துவக் கல்லூரி இல்லாதிருந்த ஒரு மாவட்டத்துக்கு அதைப் பெற்றுத் தந்தது. காட்டுமன்னார்கோயிலிலிருந்தோ புவனகிரியிலிருந்தோ வரும் நோயாளிக்கு எந்த அட்டையும் தந்திருக்க முடியாத பயன் இது.

எனினும் இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது சரியன்று. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை அளித்துத் தொகை பெறுகின்றன. அத்தொகை கருவிகளுக்கும் வார்டுகளின் மேம்பாட்டுக்கும் பயன்படுகிறது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை எப்படியும் இலவசம்தானே, அட்டை எதற்கு என்று பலர் எண்ணுகின்றனர். நீங்கள் அங்கு அட்டையைப் பதிவு செய்வது அம்மருத்துவமனைக்கு வருவாயாகிறது.

காப்பீடு தொடாத செலவுகளும் உள்ளன. தேசியச் சுகாதாரக் கணக்குகளின்படி, மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து செலவிடும் பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்துள்ளது. இன்னும் எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி புறநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் ஆகும். காப்பீடோ பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. சிறுநீரகச் செயலிழப்புக்கான டயாலிசிஸ் திட்டத்தில் அடங்கும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை அதற்காகச் சிதம்பரத்துக்கு வந்து திரும்பும் பேருந்துக் கட்டணமும், உடன் வருபவர் இழக்கும் கூலியும் எந்தக் காப்பீட்டிலும் இல்லை. வரம்பை 5 லட்சத்திலிருந்து உயர்த்துவோம் என்ற வாக்குறுதிகளைக் கேட்கும்போது, உங்கள் குடும்பத்தின் உண்மையான செலவு எங்கே நிகழ்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளைப் பொறுத்தவரை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் ஆரம்ப சுகாதார நிலையங்களுமே உங்களுக்குப் பெரிதும் உதவுவன.

சரிபார்ப்பு ஏன் கடுமையாகிறது?

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, ஆயுஷ்மான் திட்டத்தில் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் ஒரே கைபேசி எண்ணுடன் இணைக்கப்பட்டிருந்ததைச் சுட்டியது. தமிழ்நாட்டில் ஏழு ஆதார் எண்களுடன் 4,761 பதிவுகள் இருந்தன. தகுதியைத் தீர்மானிப்பது கைபேசி எண் அன்று என ஒன்றிய அரசு விளக்கியது. எதிர்க்கட்சிகள் முறைகேடு என்றன. இதன் சுமை இறுதியில் விழுவது, பெயரில் ஓர் எழுத்து மாறியதற்காக அறுவைச் சிகிச்சைக்கு முன் அனுமதி கிடைக்காமல் தவிக்கும் நேர்மையான நோயாளியின் மீது. ஆதார் அட்டையிலும் குடும்ப அட்டையிலும் பெயர், பிறந்த தேதி ஆகியவை ஒத்திருக்கின்றனவா என்பதை உடல்நலத்தோடு இருக்கும்போதே சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பதிவு செய்ய, குடும்ப அட்டை, குடும்ப உறுப்பினர்களின் ஆதார் அட்டைகள், வருவாய்த் துறையின் வருமானச் சான்றிதழ் ஆகியவற்றுடன் கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்தை அணுகுங்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வசிப்போருக்கு வருமான வரம்பு இல்லை. இணைக்கப்பட்ட மருத்துவமனை, அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்குக் கூடுதல் பணம் கேட்டாலோ அனுமதிக்க மறுத்தாலோ, 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் அளிக்கலாம். பணம் செலுத்த நேர்ந்துவிட்டால் இரசீதைத் தவறாமல் கேட்டு வாங்கி வையுங்கள். இரசீது இல்லாத புகாரை மெய்ப்பிப்பது கடினம்.