‘வயசாயிடுச்சு’ என்பது ஒரு நோயின் பெயரா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

முதியவர் ஒருவர் முன்னுக்குப்பின் முரணாகப் பேசினால், உண்ண மறுத்தால், பெற்ற பிள்ளையையே ‘நீ யார்?’ என்று கேட்டால், நம்மிடம் ஆயத்தமாக ஒரு விடை உண்டு: “வயசாயிடுச்சு.” இந்த ஒரு சொல் எத்தனை பேரை மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்திருக்கிறதோ, நான் அறியேன். ஒருவரைத் தடுத்ததை அறிவேன். அவர் என் தாத்தா.

நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த சித்திரை மாதம். ஆடு மேய்த்துத் திரும்பிய தாத்தா, அன்று மாலை, இல்லாத ஆட்டைக் கைநீட்டி விரட்டத் தொடங்கினார். இறந்துபோன தம் அண்ணன் பெயரைச் சொல்லி என்னை அழைத்தார். விடிந்ததும் தெளிந்திருந்தார், கூழ் குடித்தார். இருட்டியதும் மீண்டும் அதே நிலை. ‘வயசாயிடுச்சு’ என்றோம் நாங்கள். ‘காத்து கருப்பு’ என்றார்கள் பக்கத்து வீட்டார். கயிறு மந்திரித்துக் கட்டினோம். நான்காம் நாள் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது மருத்துவர் முதலில் கேட்டது ஒரே கேள்வி: “எப்போதிலிருந்து இப்படி இருக்கிறார்?”

“நாலு நாளாத்தாங்க” என்றார் அம்மா.

“நாலு நாளில் யாருக்கும் வயசாகிவிடாது அம்மா” என்றார் மருத்துவர்.

சிறுநீர்த் தொற்று, அதோடு கோடை வெயிலில் உடலின் நீர் வற்றியிருந்தது. தொற்று இரத்தத்திலும் கலந்துவிட்டிருந்தது. மூன்றாம் நாள் தாத்தா மறைந்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய நான், விலங்கியலைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த ஒரு கேள்வியும் காரணம்.

முதுமையில் வரும் மனக்குழப்பம் என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவைப்பதில் மூன்று தனித்தனி நோய்கள் உண்டு.

முதலாவது, ‘டெலிரியம்’ எனும் திடீர்க் குழப்பம். காய்ச்சலில் பிதற்றுவதை ‘ஜன்னி’ என்பார்களே, அது இந்த இனம். சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ வரும். ஒரே நாளில் ஏறும், இறங்கும். ஒன்றில் கவனத்தை நிறுத்த முடியாது. தொற்று, நீர் வற்றுதல், மலச்சிக்கல், வலி, உப்பு அல்லது சர்க்கரை குறைதல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை என ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். அதைக் கண்டு நீக்கினால் பலர் தெளிவடைவர். காலம் தாழ்த்தினால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது, ‘டிமென்ஷியா’ எனும் மறதி நோய். இதில் பெரும்பாலானவை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்பவை. இவற்றுள் முதன்மையானதை ஜெர்மனி நாட்டு மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906-இல் எடுத்துரைத்தார். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது.

மூன்றாவது, மனச்சோர்வு. பெரும்பாலும் ஓர் இழப்பையோ தனிமையையோ ஒட்டி, வாரக்கணக்கில் படியும். எதைக் கேட்டாலும் “எனக்குத் தெரியல, விடுங்க” என்பார்கள். மறதி நோயாளி பெரும்பாலும் தம் மறதியை மறைக்கப் பார்ப்பார். மனம் சோர்ந்தவரோ “எனக்கு எல்லாம் மறந்துபோச்சு” என்று தாமே முறையிடுவார். பசி குறையும், விடியுமுன் விழிப்பு வரும். இதற்கும் மருத்துவம் உண்டு.

தாத்தா மறைந்த பிறகு அம்மா, எங்கள் ஊருக்கு அடுத்துள்ள முதியோர் இல்லம் ஒன்றில் ஆயா வேலைக்குச் சேர்ந்தார். மருத்துவர் கேட்ட கேள்வியை அங்கும் எடுத்துச் சென்றார். சென்ற ஆண்டு, மறதி நோய் முற்றிய பாட்டி ஒருவர், ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருப்பவர், ஒரு நாள் சத்தமின்றிப் படுத்துவிட்டார். “இன்னிக்குத் தொந்தரவே இல்லை” என்று மற்றவர்கள் மகிழ்ந்தார்கள். அம்மா மட்டும், “நேத்து ராத்திரி வரைக்கும் பேசினவங்க இன்னிக்கு ஏன் பேசல?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் ஓயாததால் மருத்துவரை அழைத்தார்கள். பாட்டிக்கு நிமோனியா! டெலிரியம் கூச்சலாக மட்டுமே வருவதில்லை. இப்படி அமைதியாகவும் வரும். மறதி நோய் உள்ளவருக்கே அது எளிதில் வரும். ‘அவருக்குத்தான் ஏற்கெனவே மறதியாயிற்றே’ என்ற நினைப்பே அவர்களுக்குப் பகையாகிவிடுகிறது.

என் கருத்து இதுதான். மூன்றில் எது என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. ஆனால் ‘நேற்று இவர் எப்படி இருந்தார்?’ என்பதை அறிந்தவர், குளிப்பாட்டித் தலைவாரிச் சோறூட்டும் ஆயாதான். அவர் வாய்ச்சொல்லை யார் கேட்கிறார்கள்? எட்டாம் வகுப்பு படித்தவருக்கு என்ன தெரியும் என்று ஒதுக்குகிறோம். எடையையும் இரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளும் பதிவேட்டில், அந்த மனிதரின் பேச்சும் பழக்கமும் எப்படியிருந்தன என்று எழுத ஒரு வரி இல்லை.

“இருபது பேருக்கு ஓர் ஆயா, இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆட்களைக் கூட்டத்தான் வேண்டும். எனினும், கிழமைகளை ஞாயிறிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்ல ஒரு நிமிடம் போதும். பள்ளிக்கூடம் காணாத என் தாத்தாவும் அதைச் சொல்லியிருப்பார். நேற்றுச் சொன்னவர் இன்று பாதியில் தடுமாறினால், மருத்துவரை அழைக்க அதுவே போதிய காரணம். அதை விடுத்து, தூங்க மாத்திரை கொடுத்துப் படுக்க வைப்பது எரிகிற வீட்டின் கதவைச் சாத்துவதாகும்.

எனவே, இல்லத்தில் ஒருவர் சேரும் நாளிலேயே அவருடைய பேச்சு, உறக்கம், உணவு, விருப்பம் ஆகியவற்றை வீட்டாரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். இந்த மூன்று நோய்களின் வேறுபாட்டை ஆயாக்களுக்குத் தமிழில் கற்பிக்க வேண்டும். அவர்கள் ‘ஏதோ மாறியிருக்கிறது’ என்றால், அதை மருத்துவர் செவிமடுக்க வேண்டும்.

நண்பர்களே! விடுமுறையில் வீடு செல்லும்போது உங்கள் பாட்டியும் தாத்தாவும் வழக்கமாக எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்து வையுங்கள். ஒரு நாள் அது மாறினால், ‘வயசாயிடுச்சு’ என்று சொல்லுமுன், ‘எப்போதிலிருந்து?’ என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் அதை நான்கு நாட்கள் தாமதமாகக் கேட்டோம்.