ஒட்டுக்கேட்பவரைக் கேட்பவர் யார்?

"குற்றமற்றவனுக்கு மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அரசாங்கம் கேட்டுவிட்டுப் போகட்டுமே!" நம் நாட்றம்பள்ளிக் கடைத்தெருவில் படித்தவர்களே இவ்வாறு பேசுகின்றனர். இவர்கள் தம் வீட்டு வாசலில் திரை தொங்கவிட்டிருப்பது எந்தக் குற்றத்தை மறைக்கவோ, நாமறியோம்!

நாட்டுக்குக் காவல் வேண்டாம் என்பாரில்லை. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினியொன்றில் நச்சு நிரல் புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கி, நோயாளிகளின் விவரங்களைக் கையால் எழுத நேர்ந்தது. இவற்றுக்கு மருந்து, அரசு தன் கதவை நன்றாகப் பூட்டுவதே. குடிமகனின் தொலைபேசியில் காது வைப்பதால் அந்தக் கதவு பூட்டிக்கொள்ளுமா?

'தஜஸ்ஸுஸ்' எனும் துருவி வேவு பார்த்தலை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் விலக்கியிருக்கிறது. இரவில் நகர்வலம் வந்த கலீபா உமர் (ரலி) அவர்கள், ஒரு வீட்டின் சுவரேறிக் குதித்து, உள்ளே மது அருந்தியவனைப் பிடித்த செய்தியை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். "என் குற்றம் ஒன்று, வேவு பார்த்தீர், வாசல் வழி வரவில்லை, அனுமதி கேட்கவில்லை, உம்முடையவை மூன்று" என்ற பொருள்பட அவன் வாதிட்டான். கலீபா அதை ஏற்றுத் திரும்பினார். குற்றவாளியே என்றாலும் அவனுக்கு ஒரு வசதி இருந்தது: சுவரேறியவர் யாரென்று கண்ணால் கண்டான். இன்று ஒட்டுக்கேட்கப்படுபவனுக்கு அதுவுமில்லை. அறியாதவன் எங்கே போய் முறையிடுவான்?

இது கற்பனையன்று. 2011இல் மத்திய உள்துறை பிறப்பித்த ஓர் ஒட்டுக்கேட்பு ஆணையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்துச் செய்தது. அது ஒரு லஞ்ச வழக்கு. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ அதில் இல்லை. கேட்டதை மறு ஆய்வுக் குழுவின்முன் உரிய காலத்தில் வைக்கவுமில்லை. வழக்கு என்று ஒன்று வந்ததால் வெளிப்பட்டது; அதற்கும் பதினான்கு ஆண்டுகள்!

அந்தக் குழுதான் யார்? ஆணையிடுபவர் உள்துறைச் செயலாளர். சரிபார்ப்பவரும் அரசுச் செயலாளர்களே. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றத்தின்முன், நீதிபதியின் முன்னனுமதி வேண்டுமென்று வாதிட்டார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று மன்றம் கைவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது 2017இல். அதன் பின்னர், 2023இல், 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. நீதிபதிக்கு அதிலும் இடம் வைக்கவில்லை.