அடப்பங்கொடி குப்பையா?

மணலின்மேல் வீடு கட்டியவன் அறிவிலி என்று நற்செய்தியில் படிக்கிறோம். பாறையின்மேல் கட்டியவனுடைய வீடு நின்றது. மணலின்மேல் கட்டியவனுடைய வீடு விழுந்தது. மறைக்கல்வி வகுப்பில் இந்த உவமையைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்குள் ஓர் ஐயம் எழும். நாகைக் கடற்கரையில் பாறைக்கு எங்கே போவது? எங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய வீடுகள் மணலின்மேல்தான் நிற்கின்றன. தேவாலயமும் கோயிலும் பள்ளிவாசலும் மணலின்மேல்தான். நம் முன்னோர் துயிலும் கல்லறைத் தோட்டமும் மணலில்தான் இருக்கிறது. அப்படியானால் நாங்கள் எல்லாருமே அறிவிலிகளா?

"உவமை வாழ்க்கையைப் பற்றியது, வீட்டைப் பற்றியதன்று" என்று அருட்சகோதரி சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அது சரிதான். ஆயினும், மணலை நிறுத்தி வைப்பது எது என்ற கேள்வியை எங்களால் விட முடியவில்லை. அதற்கு விடை எங்கள் காலடியிலேயே படர்ந்து கிடந்தது. வெட்கத்தோடு சொல்கிறோம்: அந்த விடையை நாங்களே பிடுங்கி எறிந்தோம்.

நாங்கள் எட்டாம் வகுப்பில் படித்தபோது, மழைக்காலத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை கடற்கரையைத் தூய்மை செய்யப் போனோம். பிளாஸ்டிக் பைகள், உடைந்த புட்டிகள், அறுந்த நைலான் வலைத் துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கினோம். அது நல்ல வேலைதான். ஆனால் மீனவர் தெருவுக்கு முன்னால் இருந்த மணல்மேட்டில் ஒரு கொடி அடர்ந்து கிடந்தது. அதன் தண்டுகளில் குப்பை சிக்கியிருந்தது. ஒவ்வொன்றாக எடுக்கப் பொறுமை இல்லாமல், கொடியையே வேரோடு இழுத்துக் குவித்தோம். மேடு துடைத்துவிட்டாற்போல் ஆயிற்று. பாராட்டும் கிடைத்தது. எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி மட்டும் குவியலைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏண்டி பொண்ணுங்களா, குப்பையைப் பொறுக்கச் சொன்னா கரையையே பிடுங்கிட்டு வந்திருக்கீங்களே!" என்றார்.

அந்த ஆண்டு வாடைக்காற்றில் பாட்டியின் வீட்டு வாசற்படிவரை மணல் ஏறியது. மேட்டின் வடபுறம் கொடி இருந்தபடியே இருந்தது. மேடும் இருந்தபடியே இருந்தது. நாங்கள் தூய்மை செய்த தென்புறம் குழிந்துபோயிற்று. ஒரே ஒரு மழைக்காலத்தைக் கண்டு முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்று அறிவியல் ஆசிரியை எச்சரித்தார்கள். எனவே அந்தக் கொடியைப் பற்றி முறையாகப் படிக்கத் தொடங்கினோம். படித்தபின் எங்கள் கருத்து உறுதியாயிற்று. அதை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

அந்தக் கொடியின் பெயர் அடப்பங்கொடி. அடம்பு என்றும் அடும்பு என்றும் சொல்வர். இலை நடுவில் பிளந்து ஆட்டுக் குளம்பு போல் இருப்பதால் ஆட்டுக்கால் கொடி என்றும் பெயர் உண்டு. அறிவியலார் இதற்கு வைத்த இலத்தீன் பெயரும் ஆட்டின் பாதம் என்றே பொருள்படுகிறது. நம் சங்கப் புலவரோ அந்த இலையை மானின் அடிக்கு ஒப்பிட்டார். குறுந்தொகையின் 243-ஆம் பாடலில், வளையணிந்த பெண்கள் குதிரையின் கழுத்துமணி போன்ற அடும்பின் பூவைக் கொய்து மணலில் விளையாடுகிறார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் 99 மலர்களில் அடும்பும் ஒன்று. சங்ககாலப் பெண்கள் பூவைப் பறித்து விளையாடினார்கள். நாங்களோ வேரைப் பறித்து விளையாடிவிட்டோம்!

இது பல்லாண்டு வாழும் கொடி. தரையை விட்டு உயராது. ஆனால் மணலின்மீது பல மீட்டர் தூரம் ஓடும். ஓடும் வழியில் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். தாய்வேர் ஆழமாக இறங்கி ஈரத்தைத் தேடும். கடற்காற்று கொண்டுவரும் உப்புத் தூவலும் சுடுமணலும் இதற்குப் பெரிதல்ல. காலையில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த புனல் வடிவப் பூ மலரும்; பிற்பகலுக்குள் வாடிவிடும். மறுநாள் வேறு பூ. இதன் விதை கடல்நீரில் மிதந்து நெடுந்தூரம் போய் முளைக்க வல்லது. ஆகையால்தான் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, பிரேசில் முதலிய வெப்ப நாடுகளின் கரைகளிலும் இது காணப்படுகிறது.

இனி இதன் வேலையைப் பாருங்கள். காற்று மணலைத் தூக்கிக்கொண்டு வருகிறது. கொடியின் இலைகளில் மோதியதும் அதன் வேகம் தணிகிறது; சுமந்து வந்த மணலை அங்கேயே போட்டுவிடுகிறது. கொடி மண்ணுக்குள் புதைகிறது. வேறு செடியானால் செத்துப்போகும். இதுவோ புதைந்த இடத்தில் புதுவேர் விட்டு, நுனியை மீண்டும் மேலே நீட்டுகிறது. மறுபடி மணல் விழுகிறது, மறுபடி எழுகிறது. இப்படியே மேடு வளர்கிறது. இராவணன் மீசை என்று நாம் முள் குத்தக் குத்த ஓட்டி விளையாடுகிறோமே, அந்தப் புல்லும் இதற்குத் துணை. சம்பளம் கேட்காமல், ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வு கொள்ளாமல் கரை கட்டும் வேலையாட்கள் இவர்கள்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவும் நாங்கள் விரும்பவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையை இந்தக் கொடி தடுத்திருக்கும் என்று சொல்வது, அன்று மாண்டுபோனவர்களை அவமதிப்பதாகும். அப்போது நாங்கள் பிறந்திருக்கவே இல்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சுவர்களில் மாலை போட்ட படங்களாக அந்த நாள் தொங்குகிறது. 2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலை நாங்களே கண்டோம். பேரிடரைக் கொடியால் நிறுத்த முடியாது. ஆனால் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கரையும் மேட்டை அது காக்கும். காத்த மேடு புயல் நாளில் அலைக்கு முன்னால் ஒரு தடையாக நிற்கும். மேடே இல்லாவிட்டால் என்ன நிற்கும்?

"கல்லைக் கொட்டலாம், சுவர் கட்டலாம்" என்பர் சிலர். துறைமுகம் முதலிய இடங்களில் அது தேவைப்படலாம். ஆனால் ஓரிடத்தில் கல்லைக் கொட்டினால் அலையின் அரிப்பு அடுத்த ஊருக்குப் போவதும் உண்டு. "சவுக்கு நடலாமே" என்பர் வேறு சிலர். சவுக்கு காற்றைத் தடுக்கும் நல்ல மரம், விறகும் தரும். ஆனால் அதன் நிலையான இடம் மேட்டுக்குப் பின்னால். அலையைப் பார்த்த முன்சரிவில் முதலில் காலூன்றுவது அடம்பும் புல்லுமே. முன்வரிசைச் சிப்பாயை அனுப்பிவிட்டுப் பின்வரிசையை மட்டும் நிறுத்துவது என்ன போர்முறை? மணல்மேடுகள் காக்கப்பட வேண்டியவை என்று கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்கான 2019-ஆம் ஆண்டு அறிவிக்கையும் சொல்கிறது. சட்டம் காக்கச் சொல்வதை நாம் துடைப்பத்தால் அழிக்கலாமா?

பிழை செய்தவர் வருந்தினால் மட்டும் போதாது, பரிகாரமும் செய்ய வேண்டும் என்பதை ஒப்புரவு அருட்சாதனம் பற்றிய பாடத்தில் கற்றிருக்கிறோம். எனவே ஒன்பதாம் வகுப்பில், ஐப்பசி மழை தொடங்கியதும், அதே மேட்டில் 40 துண்டுகள் நட்டோம். வழிகாட்டியவர் அதே பாட்டிதான். இதைப் படிக்கும் தோழியரும் செய்து பார்க்கலாம் என்பதால் முறையை எழுதுகிறோம்.

கொடி அடர்ந்திருக்கும் இடத்தில் மட்டும், அங்கொன்றும் இங்கொன்றுமாக, முற்றிய தண்டை வெட்ட வேண்டும். ஒரே இடத்தில் மொட்டையடிக்கக் கூடாது. ஒவ்வொரு துண்டும் ஒரு முழ நீளமும் மூன்று நான்கு கணுக்களும் உடையதாக இருக்கட்டும். பெரிய அலை எட்டும் கோட்டுக்கு மேலே, நல்ல வெயில் படும் இடத்தில், இரண்டு கணுக்கள் ஈரமணலுக்குள் போகும்படி சாய்த்துப் புதைத்து, நுனியை வெளியே விட வேண்டும். துண்டுக்குத் துண்டு இரண்டு மூன்று அடி இடைவெளி போதும். மழை இல்லாத நாட்களில் முதல் மூன்று வாரம் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். வேர் பிடித்துவிட்டால் பிறகு தண்ணீர் வேண்டாம். எருவும் வேண்டாம். ஏழை மண்ணில் வாழப் பிறந்த கொடிக்கு விருந்து வைத்தால் இலைதான் கொழுக்கும்.

விதையாலும் வளர்க்கலாம். காய்ந்த காய் ஒன்றில் நான்கு விதைகள்வரை இருக்கும். பழுப்பு நிறத்தில் பட்டுப்போல் மயிர் மூடியிருக்கும். தோல் மிகக் கடினம். அப்படியே விதைத்தால் மாதக்கணக்கில் உறங்கும். உப்புத்தாளிலோ கரடான சிமெண்டுத் தரையிலோ ஒருபுறம் தேய்த்து, இரவு முழுதும் தண்ணீரில் ஊற வைத்தால், காலையில் உப்பியவை முளைக்கக்கூடியவை. அவற்றை விரற்கடை ஆழத்தில் ஊன்ற வேண்டும்.

நடுவதைவிடப் பேணுவதே கடினம் என்பதைக் கண்டுகொண்டோம். முதல் ஆண்டு மிதிபடாமல் காக்க வேண்டும். தென்னை மட்டைகளை ஊன்றி வேலி கட்டினோம். ஆனால் முழு மேட்டையும் அடைத்தால் படகு இழுப்பவர்களும் வலை உலர்த்துபவர்களும் எங்கே போவார்கள்? அவர்களைக் கேட்டு, அவர்கள் காட்டிய இடத்தில் வழி விட்டோம். கொடி வழியின் குறுக்கே ஓடி வந்தால் வெட்டாமல், நுனியைத் தூக்கி மேட்டின் பக்கம் திருப்பி விட்டோம். சிக்கிய குப்பையைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்தோம். மேட்டுக்குக் கீழே உள்ள வெறுமணலில் நடவில்லை. தை முதல் பங்குனிவரை கடலாமைகள் முட்டையிட வருகின்றன. அவை குழி தோண்டத் திறந்த மணல் வேண்டும். காப்பதிலும் பேராசை கூடாதன்றோ?

நட்ட 40 துண்டுகளில் 26 பிழைத்தன. மீதியில் சிலவற்றை அலை கொண்டுபோயிற்று. சிலவற்றை நாங்கள் தேர்வுக்குப் படித்த வாரத்தில் தண்ணீரின்றி விட்டுவிட்டோம். இந்த ஆண்டு முதல் பூ மலர்ந்தது. பாட்டி பார்த்தார். புகழ்ந்து ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பக்கமும் வையுங்கடி" என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு அதுவே பரிசு.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவ்தாத்தோ சி' என்னும் சுற்றுமடலில் இந்தப் பூமியை நமது பொதுவான இல்லம் என்று அழைத்தார். இல்லத்தைப் பெருக்குகிறவள் குப்பை எது, பொருள் எது என்று அறிந்திருக்க வேண்டும். அழகாக இல்லை, நமக்குப் பயன் தெரியவில்லை என்பதற்காக ஒன்றைக் குப்பை என்று தீர்ப்பிடுவது எளிது. செடிகளிடம் மட்டுமா இந்தத் தீர்ப்பைச் சொல்கிறோம்? வகுப்பில் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பவளையும், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியையும் அப்படித்தானே பார்க்கிறோம்? எங்களுக்குத் தெரியாத பாடம் அந்தப் பாட்டிக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுவே. கடற்கரையைத் தூய்மை செய்யப் போகும் ஒவ்வொரு பள்ளியும் முதலில் மாணவியருக்கு இந்தக் கொடியைக் காட்டிவிட்டு, பிறகு சாக்குப் பையைக் கொடுக்கட்டும். ஆண்டுதோறும் ஐப்பசியில் ஒரு வகுப்பு நடட்டும். அடுத்த வகுப்பு அதைப் பேணட்டும். நாங்கள் இந்த ஆண்டோடு பத்தாம் வகுப்பை முடிக்கிறோம். எங்கள் 26 கொடிகளை ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளிடம் ஒப்படைக்கிறோம். தண்ணீர் ஊற்ற வேண்டிய காலம் போய்விட்டது. காவல் இருந்தால் போதும்.

"அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்பது இலங்கைத் தமிழர் வழங்கும் பழமொழி. ஒற்றைக் கொடியை ஒரு சிறுமி இழுத்தாலும் வந்துவிடும். அதை நாங்களே செய்து பார்த்தோம். திரண்ட கொடியோ கடலுக்கு முன்னால் ஒரு மேட்டையே பிடித்து நிறுத்துகிறது. நாமும் அவ்வாறே திரள்வோமாக! மணலின்மேல் வாழும் நமக்கு இறைவன் பாறையைத் தரவில்லை, வேரைத் தந்திருக்கிறார். அதைப் பிடுங்காதிருப்போம்.