இசைவு யாருடையது?

கழிவுநீரை வெளியேற்றத் தொழிற்சாலைகளுக்கு மாசு கட்டுப்பாட்டு வாரியம் வழங்கும் அனுமதிக்கு ‘இசைவாணை’ என்று பெயர். இனிய சொல், ஆயினும் பாதி பொய். ஆலை அதிபர் இசைவு கேட்கிறார், வாரியம் இசைகிறது. ஆற்றின் கீழ்க்கரையில் அந்நீரைப் பருக வேண்டியவன் இசைந்தானா?

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவைப் பாருங்கள். விண்ணப்பம் வந்து நான்கு மாதங்களுக்குள் வாரியம் இசையவோ மறுக்கவோ செய்யாவிடில், நிபந்தனையேதுமின்றி இசைவு தந்ததாகவே கொள்ளப்படுமாம்! திருப்பலிதோறும், கடமையில் தவறியதையும் பாவமென அறிக்கையிடுகிறோம். இங்கோ கடமை தவறுதலே ஆணையாகிவிடுகிறது.

நிபந்தனை எழுதப்பட்டால் மட்டும் என்ன? நொய்யல் அதற்குச் சான்று. சாயக் கழிவுநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது விதி. பருத்தித் துணியில் சாயம் பற்ற உப்பு ஏராளமாக வேண்டும். சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் இட்டால் கழிவுநீரின் நிறம் மங்கும், உப்பு போகாது. திருப்பூரில் தொடக்கத்தில் எழுந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இம்முறையையே நம்பியிருந்தன. உப்பை நீக்க இயலாத நிலையத்தை வைத்துக்கொண்டு உப்புக்கு வரம்பு கட்டியது காகிதம். 1992இல் பாசனத்திற்கெனத் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியாயிற்று. அணைநீரைத் திறந்துவிடாதீர்கள் என்று உழவர்களே மன்றாடினர். தண்ணீர் வேண்டாம் என்று உழவன் சொல்வதைவிடக் கொடிய சாட்சியம் உண்டோ?

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். அத்துயரை நான் சிறிதாக்கவில்லை. ஆயினும் அதற்குப் பொறுப்பு, தொடக்கத்திலேயே மறுக்க வேண்டியதை மறுக்காதவர்களே. கழிவுநீரை வெளிவிடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையை ஏற்ற பின்னரே பட்டறைகள் திறக்க அனுமதிக்கப்பட்டன. இது இயலுமெனில், அதுவரை அளித்த இசைவுகளுக்கு என்ன பொருள்?

தெளிந்த நீரைத் தாம் குடித்துவிட்டு, எஞ்சியதைக் காலால் கலக்கி மெலிந்த ஆடுகளுக்கு விடும் கொழுத்த ஆடுகளை எசேக்கியேல் நூலின் 34ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கடிந்துகொள்கிறார். கலக்குவதற்கு அனுமதிச் சீட்டு இருந்ததா என்று அவர் கேட்கவில்லை.

வாரியத்தை மட்டும் ஏசிவிட்டு அமர்ந்துவிட நமக்கும் உரிமையில்லை. இசைவின் நிபந்தனைகளைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும், கழிவுநீரால் பாதிக்கப்படும் எவரும் அதைப் பார்வையிடலாம் என்றும் அதே 25ஆம் பிரிவு கூறுகிறது. ஆலய விழாக் கணக்கை வரி வரியாகத் துருவும் நம் பங்குப் பேரவைகளில் எத்தனை பேர் அப்பதிவேட்டைக் கேட்டிருக்கிறோம்? நானும் கேட்டதில்லை.