குடிபெயரும்போது மீனை மறவாதீர்கள்



2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின்பு சாம்பியன் ரீப், மாரிக்குப்பம், கோரமண்டல் லைன்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தன. வீடு காலிசெய்யும் நாளில் பாத்திரமும் பீரோவும் கட்டிலும் வண்டியில் ஏறிவிடும். கடைசியில் பிள்ளை கண்ணாடித் தொட்டியின் முன் நின்று, "அப்பா, மீன் எப்படி வரும்?" என்று கேட்கும். பழகின பள்ளியையும் தோழரையும் விட்டுவரும் பிள்ளைக்கு, கூடவே வருகிற ஒரே தோழன் அந்த மீனாயிருக்கலாம். ஆகவே அக்கேள்வியை அற்பமாய் எண்ணாதீர்கள்.

பயணத்தைத் தாங்கிக்கொண்ட மீன், புதுவீட்டில் ஒரு வாரத்துக்குள் இறந்துபோவதுண்டு. காரணம் என்ன? மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்பு அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை தண்ணீரில் வாழ்வதைவிட, வடிகட்டியின் ஸ்பஞ்சிலும் அடியிலுள்ள கூழாங்கற்களிலுமே மிகுதியாய் ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் இவை பெருகுவதற்கு ஏறக்குறைய 4 முதல் 6 வாரங்கள் செல்லும். நாமோ, புதுவீட்டுக்குப் போகிறோமே என்று ஸ்பஞ்சையும் கல்லையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கட்டுகிறோம். தொட்டி பளபளக்கும், மீனைக் காக்கும் உயிர்களோ அழிந்துபோகும்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? புறப்படுவதற்கு முந்தின நாளே இரை போடுவதை நிறுத்துங்கள். ஆரோக்கியமான மீன் ஓரிரு நாள் இரையின்றி இருக்கும். பையிலுள்ள தண்ணீரும் கெடாது. தொட்டித் தண்ணீரில் பாதியை மூடியுள்ள வாளிகளில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பஞ்சையும் கற்களையும் கழுவாமல், அதே தண்ணீரில் சிறிதளவு ஊற்றிய வேறொரு வாளியில் ஈரமாகவே வையுங்கள்.

மீனை இரட்டைப் பாலிதீன் பையில் விடுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு காற்று என்பது அளவு. மீன் கடையில் கேட்டால் ஆக்சிஜன் நிரப்பித் தருவார்கள். சென்னை கொளத்தூரிலிருந்து வண்ண மீன்கள் வெளியூர்களுக்குச் செல்வதும் இப்படியே. பையைத் தெர்மோகோல் பெட்டியில் இருளாக வைத்தால் மீன் கலங்காது. தங்கவயலிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை அது தாங்கும். பெட்டி வெயில் படாமல் உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.

தொட்டியைத் தண்ணீரோடு ஒருபோதும் தூக்காதீர்கள். 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் உள்ள தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 56 கிலோ. பாதித் தண்ணீரானாலும் ஒட்டுப் பசை விட்டுவிடும், கண்ணாடியும் கீறிவிடும்.

புதுவீட்டில் முதலாவது தொட்டியைச் சமமான மேசையில் அமைத்து, பழைய தண்ணீரையும் கற்களையும் இட்டு, வடிகட்டியை ஓடவிடுங்கள். குறைவுக்குக் காவிரிக் குழாய்த் தண்ணீரானால், குளோரினை நீக்கும் மருந்தை அளவாய்க் கலந்த பின்பே ஊற்றுங்கள். அல்லது ஒருநாள் திறந்து வைத்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள். குளோரின் மீனின் செவுளையும் நுண்ணுயிர்களையும் கெடுக்கும். போர்வெல் தண்ணீரில் குளோரின் இராவிட்டாலும் உப்பும் கடினத்தன்மையும் வேறுபடும். ஆகவே கட்டிய பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பின்பு அவிழ்த்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தொட்டித் தண்ணீரைப் பையில் ஊற்றிவாருங்கள். ஒரு மணி நேரம் சென்றபின் மீனை மாத்திரம் வலையில் எடுத்து விடுங்கள்; பைத் தண்ணீர் தொட்டியில் சேரவேண்டாம்.

முதல் வாரம் இரையைக் குறைத்துப் போடுங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், கால் பங்கு தண்ணீரை உடனே மாற்றுங்கள்.

பிரியமானவர்களே, ஊரை விட்டு வந்த நமக்கு இது விளங்காததல்ல. பழைய வீட்டின் அழுக்கென்று எண்ணி அந்த ஸ்பஞ்சைக் கழுவிவிடாதீர்கள். புது இடத்தில் அந்த மீன் பிழைப்பது அதனால்தான்.